இடைவெளி இல்லாத வளையம்

"என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் வர்றார்" என்றாள் அந்த அம்மாள். "வண்டிச் சத்தம் கேக்குது. தெருமுனை வரைக்கும் வர்றார். அதுக்கு மேல வர்றதில்ல."

பேய் வழக்கெல்லாம் நாங்கள் எடுப்பதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் என் பாதத்தில் ஒரு மிதி விழுந்தது. 'பேசாதே' என்பதற்கு மேடம் வைத்திருக்கும் சைகை அது. 'பேசு' என்பதற்கு அவர் சைகை எதுவும் வைத்திருக்கவில்லை.

மேடம் முன்பு விபத்தில் அடிபட்ட வண்டிகளை மதிப்பிடும் சர்வேயராக இருந்தவர். நசுங்கின கதவைத் தடவிப் பார்த்தே, ஓட்டினவன் சொல்வதில் எவ்வளவு புளுகு என்று சொல்லிவிடுவார். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தபோது கார் ஓட்ட என்னைச் சேர்த்துக்கொண்டார். நான் ஓட்டுவதைவிடப் பேசுவது அதிகம் என்பதால் என்னை 'வாய்' என்றுதான் கூப்பிடுவார்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். அவள் கணவரும் கணவரின் தம்பியும் சேர்ந்து எஞ்சின் பட்டறை நடத்தியவர்கள். பட்டறையில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிடுவார்களாம். போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஊருக்கு மேலே இருக்கும் ஆற்றுப் பாலத்தின் நடுவில் பெரியவரின் கார் கதவு திறந்தபடி நின்றது. கைப்பிடிச் சுவரோரம் அவர் செருப்புகள் கிடந்தன. ஆள் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. தானே குதித்துவிட்டார் என்று எழுதிவிட்டுப் போலீஸ் கையைக் கழுவிக்கொண்டது.

"உங்களுக்கு என்ன தெரியணும்மா?" என்று கேட்டார் மேடம்.

"அவர் தானா போனாரா, இல்லையா. அது மட்டும் போதும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தானா போய் விழுந்திருந்தா, நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். அப்படி இல்லைன்னா நான் அழணும் மேடம். எதுன்னு தெரியாம நடுவுல நிக்கிறேன். இன்னும் அழலை."

சொல்லும்போது அவள் குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அந்தச் சத்தம் அவர் கார்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"அந்த எஞ்சினை அவர் தன் கையால போட்டார். மத்த வண்டி மாதிரி பொட்டுன்னு நிக்காது. சாவியைத் திருப்பினதும் பெருமூச்சு மாதிரி ஒண்ணு விட்டுட்டுத்தான் அடங்கும். அதைக் கேட்டதும் எந்திரிச்சுப் போய் டீக்கு அடுப்பைப் பத்த வைப்பேன். இப்பவும் கேட்டா கை தானா அடுப்புக்குப் போகுது."

"வேற யாருக்காவது கேட்டுச்சா?"

"பக்கத்து வீட்டுல விசாரிச்சேன். ஆயிரம் வண்டி போகுது, எதைக் கண்டோம்னு சொல்லிட்டாங்க. என் கொழுந்தனார் தினமும் ஏதாவது சாமானைச் சுமந்துட்டு வந்து பார்த்துட்டுப் போவார். அவர்கிட்ட சொன்னா, அது பிரமை அண்ணி, ஒரு டாக்டரைப் பார்க்கலாம்னு சொல்றார்."

"கார் இப்போ எங்க?"

"எங்க வீட்டுப் பக்கத்து ஷெட்டுல. போலீஸ்காரங்க லாரியில ஏத்திட்டு வந்து இறக்கினதுதான். அப்புறம் யாரும் ஸ்டார்ட் பண்ணலை. கொழுந்தனார் வரும்போதெல்லாம் கேப்பார், பழைய இரும்புக்குப் போட்டுடலாம் அண்ணின்னு. எனக்குத்தான் மனசு வரலை."

மேடம் எழுந்துவிட்டார். ஒரு விஷயத்தில் ஊசி நுழையும் அளவுக்கு இடம் கிடைத்துவிட்டால் அவரால் நாற்காலியில் உட்கார முடியாது.

ஷெட்டுக்குள் பகலிலேயே இருட்டு. காரின் சக்கரங்களில் பாலத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. மேடம் என்னை உள்ளே ஏறி உட்காரச் சொன்னார். வெளியில் நின்றபடியே எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பயமெல்லாம் இல்லை. ஆள் இருக்கும் இடத்தில் போய் உட்காரக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து ஒரு மரியாதை.

எஞ்சின் நம்பரைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தோம். இம்மி பிசகவில்லை.

"அவ்வளவுதான் மேடம், அவர் காரு, அவர் எஞ்சின். கிளம்பலாமா?"

"ஆயில் கம்பியை உருவு."

உருவினேன். கம்பியின் நுனியில் ஆயில் தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

"புது ஆயில்" என்றேன். "இப்பதான் மாத்தியிருக்கார்."

"மாத்தி, பாலம் வரைக்கும் ஓட்டிட்டும் போயிருக்கார். அதுக்கப்புறமும் இவ்வளவு சுத்தமா?"

"அதைவிட ஒரு சந்தேகம் இருக்கு மேடம். சாகப் போறவன் ஆயில் மாத்திட்டா போவான்?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சில சமயம் நீ பேசறதுக்குச் சம்பளம் குடுக்கலாம்னு தோணுது" என்றார். "நாளைக்குக் கருவிப் பெட்டியோட வரோம். திறந்துடலாம்."

மறுநாள் திறந்தோம். திறந்தோம் என்றால் நான் திறந்தேன். மேடம் டார்ச் அடித்தார். எஞ்சின் தலையைக் கழற்றி, அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றி, பிஸ்டன்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி எடுப்பதற்குள் என் இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. எடுத்ததையெல்லாம் ஒரு சாக்கை விரித்து வரிசையாக வைத்தேன். அந்த அம்மாள் ஷெட் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்தார். அதன் இடுப்பைச் சுற்றி மூன்று வளையங்கள் மாட்டியிருந்தன.

"ரிங்குன்னா என்னன்னு தெரியுமா வாய்?"

"பிஸ்டனுக்குப் போடற வளையல்."

"வளையல் முழு வட்டம். இதுல ஒரு இடத்துல வெட்டு இருக்கு பாரு. சூடானா இரும்பு நீளும். நீள்றதுக்கு இந்த வெட்டுல கொஞ்சம் கேப் விடணும். கேப் ஜாஸ்தியானா ஆயில் எரிஞ்சு புகை கக்கும். கேப்பே இல்லைன்னா ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். நகர இடம் இல்லாம ரிங் வெளிப்பக்கம் அழுத்தி சிலிண்டரையே கிழிச்சுடும். வண்டி அங்கேயே இறுகி நின்னுடும்."

"ஒரே சமையல்கட்டுல மாமியாரும் மருமகளும் மாதிரி."

"உனக்குக் கல்யாணமே ஆகலையே."

"அதனாலதான் இவ்வளவு தைரியமாச் சொல்றேன்."

மேடம் மேல் வளையத்தை விரித்துக் கழற்றினார். அதைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, வளையம் கோணாமல் சமமாக இறங்கும்படி உள்ளே அழுத்தினார். பிறகு பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்தார். மெல்லிய இரும்பு இதழ்களை விசிறி மாதிரி அடுக்கி வைத்த கருவி அது. இதழுக்கு இதழ் கனம் மாறும். வெட்டுக்குள் எந்த இதழ் நுழைகிறதோ அதுதான் கேப்பின் அளவு.

"இந்த சிலிண்டருக்குக் கால் மில்லிமீட்டராவது வேணும்" என்றபடி ஓர் இதழை நுழைத்தார். நுழையவில்லை. அதைவிட மெல்லிய இதழை எடுத்தார். அதுவும் நுழையவில்லை. கடைசியில் ஊதினால் பறந்துவிடும் போலிருந்த இதழும் வெட்டின் வாயிலேயே மடங்கி நின்றது. வளையத்தின் இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டிருந்தன. மற்ற சிலிண்டர்களிலும் இதே கதைதான். பிஸ்டனில் மிச்சமிருந்த வளையங்களின் வெட்டுகள் வேறு, ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக ஒரே கோட்டில் இருந்தன.

"பாக்கெட்டைப் பிரிச்சு அப்படியே மாட்டியிருக்கான்" என்றார் மேடம். "அளக்கவும் இல்லை, அரம் போடவும் இல்லை. வெட்டைத் தள்ளித் தள்ளி வைக்கணுங்கற அக்கறையும் இல்லை."

ஸ்டூலிலிருந்து அந்த அம்மாள் எழுந்து வந்தாள்.

"இது அவர் கை இல்லை" என்றாள். "அவர் சாப்பிடற மேசையிலயே ரிங்கை வச்சு அரம் போடுவார். ரெண்டு இழு இழுத்துட்டு அளப்பார், மறுபடி இழுப்பார், மறுபடி அளப்பார். தட்டுல இரும்புத் தூள் விழுதுன்னு நான் கத்துவேன். சோறு ஆறிப் போகும். அளக்காத ரிங்கை அவர் தொடவே மாட்டார்."

"மனசு சரியில்லாத நேரத்துல மனுஷன் தப்பு பண்றதும் உண்டும்மா" என்றேன். யாராவது ஒருவர் போலீஸ் பக்கம் பேச வேண்டும் அல்லவா?

"சரி, அவரே போட்டார்னு வச்சுக்குவோம்" என்றார் மேடம். "ஊர்ல இருந்து பாலத்துக்கு ஒரே ஏத்தம். இந்த எஞ்சின் பாதி மேட்டுல சூடாகி இறுகியிருக்கும். ரிங் உடைஞ்சிருக்கும், சிலிண்டர்ல கோடு கோடாக் கிழிச்சிருக்கும். நீயே விட்டுத் தடவிப் பாரு."

விரலை விட்டுத் தடவினேன். சிலிண்டர் சுவரில் பட்டறையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் புதிதாக இருந்தன. வேறு ஒரு கீறலும் இல்லை. வளையத்தின் மேல் கம்பெனி பூசி அனுப்பின கருப்பு கூடப் போகவில்லை.

"இது ஓடி நின்ன எஞ்சின் இல்லை வாய். பொறந்ததுல இருந்து ஓடவே இல்லை."

"ஓடாத வண்டி பாலத்துக்கு எப்படிப் போச்சு? பேய் தள்ளிட்டா போச்சு?"

சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொல்கிறேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நம்பர் சரியா இருந்துச்சே மேடம்?" என்றாள்.

"நம்பரை ராவிட்டு வேற நம்பர் குத்தறது பட்டறை நடத்தறவங்களுக்கு ஒரு வேலையே இல்லைம்மா. இது வேற எஞ்சின். அவர் எஞ்சினை எடுத்துட்டு இதை வச்சு, காரை இழுத்துட்டுப் போய்ப் பாலத்துல நிறுத்தியிருக்காங்க."

"அப்போ அவர் போட்ட எஞ்சின் எங்க?"

அவள் கேட்டு முடிக்கவில்லை. சாயங்கால நேரம், தெருமுனையில் ஒரு வண்டி வந்தது.

மூன்று பேருக்குமே கேட்டது. சீரான, தணிந்த சத்தம். மெதுவாக நெருங்கி முனையில் நின்றது. நிறுத்தியதும் பொட்டென்று அடங்கவில்லை. யாரோ களைத்துப்போய் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கியது.

அந்தக் காரின் எஞ்சின் என் காலடியில், சாக்கின் மேல், துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதன் சத்தம் தெருவில் கேட்கிறது. அந்த அம்மாள் அடுப்பைப் பற்றவைக்க வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டாள். பிறகு நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுதும்மா" என்றார் மேடம். "நல்லாவே கேட்டுது."

நான் முனைக்கு ஓடிப் பார்க்கக் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் கிளம்புவது போல அசைந்தேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "இரு. யார் வர்றாங்கன்னு மட்டும் பாரு."

கொஞ்ச நேரத்தில் வாசல் கேட் திறந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் தோளில் முழு அரிசி மூட்டையோடு உள்ளே வந்தான். வியர்த்து விறுவிறுத்திருந்தான். மூட்டையை இறக்கி வைத்து நிமிர்ந்தவன், திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணி இது? யார் இவங்க?"

"நான் வரச் சொன்னவங்க தம்பி."

கொழுந்தனார் சின்னவர் இவன்தான் என்று யாரும் எனக்கு அறிமுகம் செய்து வைக்கத் தேவையிருக்கவில்லை.

"வேன் வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் மேடம். தேநீர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கும் குரல்.

"இருக்கு. ஏன்?"

"மூட்டையைச் சுமந்துட்டு வந்தீங்களே, அதான் கேட்டேன். எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"முனையில, மரக்கடைக்குப் பின்னால. தெரு குறுகலா இருக்கும், வேன் திரும்பாது."

"இந்தக் காரையே லாரியில கொண்டுவந்து வாசல்ல இறக்கியிருக்காங்க. லாரி திரும்பின தெருவுல வேன் திரும்பாதா?"

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். மழையோ வெயிலோ, வண்டி வைத்திருக்கும் ஒருவன் தினமும் பாரத்தை முனையிலிருந்து தோளில் சுமக்கிறான். அண்ணியின் மேல் பாசம் என்று தெருவே நினைத்திருக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"வேன் சாவியைக் குடுங்க" என்றார் மேடம். "வாய் போய் வண்டியை வாசலுக்குக் கொண்டு வரட்டும்."

"எதுக்குக் குடுக்கணும்? நீங்க யார் கேக்கறதுக்கு?"

நியாயமான கேள்விதான். அந்த அம்மாள் அவன் முன்னால் போய் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"தம்பி, சாவி."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தான். எவ்வளவோ நாள் அவனுக்குச் சோறு போட்ட கை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தான்.

நான் முனைக்கு நடந்தேன். காரைத் தயாரித்த அதே கம்பெனி வேன் அது. கூடு வேறு, உள்ளே இருப்பது ஒரே ரக எஞ்சின். சாவியைத் திருப்பினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வண்டிகள் ஓட்டியிருக்கிறேன், இவ்வளவு அமைதியாக எழுந்த எஞ்சினைப் பார்த்ததில்லை. உள்ளே ஒவ்வொரு வளையத்துக்கும் ஒருவர் ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அளந்து அளந்து இடம் விட்டிருக்கிறார். எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது.

வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று மேடம் கையைக் காட்டினார்.

அந்த அம்மாள் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். பிறகு சின்னவர் பக்கம் திரும்பினாள்.

"பிரமைன்னு சொன்னீங்களே தம்பி."

அவன் அங்கேயே, அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"வேணும்னு செய்யலை அண்ணி" என்றான். "எல்லாரும் அண்ணன் கையைத்தான் கேப்பாங்க. நான் போட்ட எஞ்சினை அண்ணன் திறந்து பார்த்தார். ஒரு ரிங்காவது அளந்தியாடான்னு ஆள் முன்னாடி வச்சுக் கேட்டார். இது ரோட்டுல நின்னா உள்ள இருக்கற குடும்பத்துக்கு யார் பதில் சொல்றதுன்னார். இனிமே எஞ்சின்ல கை வைக்காதேன்னார். எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் சண்டை போட்டேன். தள்ளிட்டேன். வண்டிக்கு அடியில நின்னு வேலை பார்க்கற குழியில விழுந்தார். தலை கல்லுல பட்டுச்சு. எந்திரிக்கவே இல்லை."

"அப்புறம்?"

"ஆத்துல..." அதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. "ஷட்டரை இறக்கிட்டு எஞ்சினை மாத்தினேன். பட்டறை இழுவை வண்டியில காரை இழுத்துட்டுப் போனேன்."

மேடம் குறுக்கிட்டார். "ஒண்ணு மட்டும் புரியலை. அவர் எஞ்சினோடயே காரைப் பாலத்துல விட்டிருந்தா யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. நீங்களே ஓட்டிட்டுப் போய் நிறுத்திட்டு நடந்து வந்திருக்கலாம். எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டீங்க?"

அவன் வேனைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் கண் கலங்கியது.

"அது எப்படி மேடம் விடறது? ஒரு வருஷமா உட்கார்ந்து அண்ணன் போட்ட எஞ்சின். அப்படி ஒண்ணை இனிமே யாரும் போட மாட்டாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல மழையில கிடந்து துரு ஏறும்னு தெரியும். விட மனசு வரலை. அவர் திறந்து பார்த்த என்னோட எஞ்சின் பக்கத்துலயே இருந்துச்சு. அதை மூடித் தூக்கி வச்சேன்."

இதை ஒரு பட்டறைக்காரனைத் தவிர வேறு எந்தக் கொலைகாரனும் செய்திருக்க மாட்டான். மேடமும் அதைத்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்த அம்மாள் அவனைப் பார்த்துக் கேட்டது இதுதான்:

"எஞ்சினை விட்டுட்டு வர மனசு வரலை. அவரை விட்டுட்டு வர வந்துச்சா?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மேடம் போன் செய்து, போலீஸ் ஜீப் வந்து, அவனை ஏற்றிக்கொண்டு போகும்வரை தலை நிமிரவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வேனையும் எடுத்துப் போக வேண்டும் என்றார். அது இன்னமும் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தைரியம் வரவில்லை. நான் கதவைத் திறக்கப் போனேன்.

"நான் நிறுத்தறேன்" என்றாள் அந்த அம்மாள்.

படியில் கால் வைத்து ஏறி, ஓட்டுநர் இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்தாள். சிறிது நேரம் சாவியில் கை வைத்தபடி இருந்தாள். எஞ்சின் அவள் உட்கார்ந்திருந்த இடத்தையும் சேர்த்து மெல்ல அதிர வைத்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தப் பார்த்தார். அவர் பாதத்தில் மேடம் ஒரு மிதி மிதித்தார்.

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அந்தப் பெருமூச்சை விட்டு அடங்கியது.

"அவர் என்னை விட்டுட்டுப் போகலை மேடம்" என்றாள். "இத்தனை நாளா அவர் மேல கோவமா இருந்துட்டேன்."

பிறகு ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்து, தெருவே கேட்கும்படி, வாய்விட்டு அழுதாள்.